வண்டி உயர்ந்தால் செலவும் உயருமா?

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கு வரும் வீதியை அறியாதார் ஊவாவில் இலர் எனலாம். பேராதனையில் தொடங்கி, நுவரெலியாவையும் பதுளையையும் தொட்டு, பிபிலை ஊடாகச் சென்று செங்கலடியில் முடியும் ஏ 5 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே வளைவுக்கு மேல் வளைவு. இவ்வீதியிலும் இதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் நுழையும் கிளைப் பாதைகளிலும் இந்நாளில் ஒரு புதுமையைக் காண்கிறோம். மரக்கறி மூட்டையும் கொழுந்துச் சாக்கும் ஏற்றி இறக்கும் கெப் வண்டிகள் சில, கராஜுக்குள் போய் வந்த பின்னர் ஒரு சாண் உயர்ந்து நிற்கின்றன. முன்பு எளிதாக ஏறி அமர்ந்த பாட்டிமாருக்கு இப்பொழுது ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டியிருக்கிறது.

இவ்வாறு வண்டியை உயர்த்தினால் டீசல் கூடுதலாகச் செலவாகுமா என்பது பல வீடுகளில் எழுந்துள்ள கேள்வி. “ஒரு சொட்டும் கூடாது” என்பார் இளைஞர். “இரட்டிப்பாகக் குடிக்கும், யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்” என்பார் பெரியவர். இரு சாராரும் உறுதியாகப் பேசுகின்றனர்; ஆயினும் இரு சாராரும் கணக்குப் போட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆகையால் இவ்வாரம் நாமும் சற்று அளந்து பார்ப்போம். பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடமாகவும், குடும்பக் கணக்கை எழுதும் தாய்மாருக்கு இது பயனாகவும் அமையும் என்பது நம் நம்பிக்கை.

இது வீண் ஆராய்ச்சி அன்று. 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிட முடியுமா? எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே வரிசைகள் இரவு பகலாக நீண்டன. அவ்வாண்டு ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாயிற்று. பெற்றோல் 470 ரூபாவாயிற்று. ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. 2023 செப்டெம்பரில்தான் அது நீங்கியது. தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபா. அப்படியாயின், ஒரு பெண் காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்துப் பெற்ற கூலிக்கு, அந்நாளில் இரண்டு லீற்றரும் சொச்சமுமே டீசல் கிடைத்தது. ஒரு லீற்றரை வீணாக்குவது அரைநாள் உழைப்பை வீணாக்குவதற்குச் சமமாக இருந்தது. விலை ஏறலாம், இறங்கலாம். எரிபொருளைக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கலாகாது.

முதலில், உயர்த்துதல் என்பது யாது? அதில் மூவகை உண்டு. சட்டகத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையே கட்டைகளை வைத்துக் கூட்டை மட்டும் உயர்த்துதல் ஒன்று. ஸ்பிறிங்குகளையும் அவற்றின் பிடிப்புகளையும் மாற்றிச் சட்டகத்தையே உயர்த்துதல் இரண்டாவது. பெரிய டயர்களைப் பூட்டி அச்சையே நிலத்திலிருந்து மேலும் விலக்குதல் மூன்றாவது. பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே நடைபெறும். உயர்ந்த இடைவெளியில் பழைய சிறிய டயர் நின்றால் பார்வைக்கு அழகில்லை என்று சொல்லிப் பெரிய டயரையும் விற்றுவிடுவார்கள். செலவின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

இனி, ஒரு வண்டி எரிபொருளை எவற்றுக்காகச் செலவிடுகிறது என்று காண்போம். அவை நான்கு. வளியைக் கிழித்துக்கொண்டு செல்வதற்கு ஒன்று; சில்லு உருளும்போது உண்டாகும் தடையை வெல்வதற்கு ஒன்று; மேட்டில் ஏறுவதற்கு ஒன்று; நின்ற நிலையிலிருந்தோ மெதுவான ஓட்டத்திலிருந்தோ வேகத்தைக் கூட்டுவதற்கு ஒன்று.

கணக்கின் பொருட்டு, சுமையோடு 2000 கிலோ நிறையுள்ள ஒரு கெப் வண்டியை எடுத்துக்கொள்வோம். விசையை நியூற்றனிற் சொன்னால் சிலருக்கு மயக்கம் வரும். ஆதலால் இத்தனை கிலோவைத் தூக்கும் விசை என்றே கூறுவோம். நல்ல தார் வீதியில் சில்லு உருளும் தடை வண்டி நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவு. எனவே 20 கிலோ. வீதி 20 மீற்றர் தூரத்துக்கு 1 மீற்றர் உயருமாயின், ஏறுவதற்கு வேண்டிய விசை நிறையில் இருபதில் ஒரு பங்கு. எனவே 100 கிலோ. வளித்தடையோ வேகத்தைப் பொறுத்தது. இத்தகைய வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 9 கிலோ. வேகம் இரட்டித்தால் வளித்தடை நான்கு மடங்காகும் என்பது விதி. ஆகவே மணிக்கு 100 கிலோமீற்றரில் அது 56 கிலோ அளவுக்குச் சென்றுவிடும்.

வண்டியை உயர்த்தியதால் அதன் அடியிலே கூடுதல் வளி புகுந்து அச்சிலும் குழாய்களிலும் மோதுகிறது. அகன்ற டயர்களும் வளியை எதிர்த்து நிற்கின்றன. இதனால் வளித்தடை பத்தில் ஒரு பங்கு கூடியது என்று வைத்துக்கொள்வோம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது முன்னர் வேண்டியிருந்த விசை, உருளலுக்கு 20, வளிக்கு 56, ஆக 76 கிலோ. இப்பொழுது அதனோடு ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல் கூடுகிறது. நூற்றுக்கு ஏழு வீதம்! இது சிறிய தொகையன்று. ஆனால் பசறையிலிருந்து மேடேறும் வண்டி 40 கிலோமீற்றர் வேகத்தை எட்டினாலே பெரிது. அங்கே வேண்டிய விசை 20ம் 100ம் 9ம் சேர்ந்து 129 கிலோ. உயர்த்தியதால் கூடும் வளித்தடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. நூற்றுக்கு ஒரு வீதம்கூட இல்லை.

ஆகவே, நம் மலைவீதியில் உயரம் ஒன்று மட்டுமே டீசலைக் குடித்துவிடாது. இளைஞர் சொல்வதில் இவ்வளவுக்கு உண்மை உண்டு. ஆயின் அவர் இதனோடு கணக்கை மூடிவிடுகிறார்; நாம் மூடலாகாது. உயரத்தோடு கூடவே வந்து சேர்ந்தவற்றை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலாவது நிறை. பெரிய டயர் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பல கிலோ கூடியது. மாற்றுச் சில்லோடு சேர்த்து ஐந்து டயர்கள்; அவற்றோடு முன்னே இரும்புக் காப்பு, பின்னே இரும்புச் சட்டம், மேலே விளக்குத் தாங்கி என்று சேர்த்தால் கூடுதல் நிறை 100 கிலோவை எட்டுதல் அரிதன்று. மேட்டில் ஏறும் செலவு நிறையைப் பொறுத்தது. 2000 கிலோ வண்டியை 300 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ அரை லீற்றர் டீசல் செலவாகும். ஏனெனில், டீசலிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவையோதான் எஞ்சின் வேலையாக மாற்றித் தருகிறது. மிகுதி வெப்பமாகப் போய்விடும். 100 கிலோ கூடினால் அச்செலவும் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடும். மூட்டை ஏதும் ஏற்றாத நாளிலும், ஒவ்வொரு மேட்டிலும், ஆயுள் முழுவதும் இந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும்.

ஏறிய உயரத்திலிருந்து இறங்கும்போது அச்சக்தி திரும்பக் கிடைக்காதா என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். நேரான வீதியாயின் ஒரு பகுதி கிடைக்கும். நம் வீதியிலோ வளைவுதோறும் பிறேக் பிடிக்கிறோம். ஏறிச் சேர்த்த சக்தி பிறேக்கில் சூடாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது.

இரண்டாவது, சுழலும் நிறை. வண்டியின் மேல் வைத்த கிலோவும் சில்லின் விளிம்பிலே வைத்த கிலோவும் சமமல்ல. விளிம்பிலுள்ளது முன்னோக்கி நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே ஆர்முடுகலின்போது அது ஏறத்தாழ இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். வளைவில் வேகத்தைக் குறைத்து, வளைவு கழிந்ததும் கூட்டி, மீண்டும் குறைத்து ஓட்டும் நம் வீதியில் இந்தச் செலவு ஓயாது நிகழ்கிறது.

மூன்றாவது, டயரின் தடம். சேற்றுக்கென்று செய்த ஆழமான கட்டை வெட்டுள்ள டயர் தார் வீதியில் உருளும்போது அதிகம் நசுங்கி நிமிரும். அந்த நசுங்கலே உருளல் தடை. இத்தகைய வண்டி தூரத்தே வரும்போதே ஒரு முழக்கம் கேட்கிறதன்றோ? அம்முழக்கத்துக்கும் டீசல்தான் செலவாகிறது.

நான்காவது, கியர். பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் செல்லும். ஆகவே எல்லாக் கியர்களும் சற்று இறுகியவை போல் ஆகிவிடுகின்றன. சமதரையில் இதனாற் பெரிய தீங்கில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் சிறிது நன்மையும் உண்டாகலாம். மேட்டிலோ, முன்னர் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இப்பொழுது எஞ்சின் திணறுகிறது. சாரதி இரண்டாம் கியருக்கு இறங்கி அழுத்துகிறார். கறுப்புப் புகை வருகிறதென்றால் அது எரியாத டீசலின் அடையாளம்.

இனி, மிகப் பலர் அறியாத ஒரு விடயத்துக்கு வருகிறோம். தூரம் காட்டும் மீற்றர் வீதியைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. சில்லின் சுற்றுகளை எண்ணியே கணக்கிடுகிறது. 30 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 33 அங்குல டயரைப் பூட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வண்டி செல்லும். மீற்றருக்கோ அது தெரியாது. வண்டி 110 கிலோமீற்றர் ஓடியிருக்கும். மீற்றர் 100 என்று காட்டும். 10 லீற்றர் எரித்து 110 கிலோமீற்றர் ஓடியவர், லீற்றருக்கு 10 கிலோமீற்றரே கிடைத்தது என்று வருந்துவார். உண்மையிற் கிடைத்தது 11. உயர்த்திய வண்டி இரட்டிப்பாகக் குடிக்கிறது என்னும் பேச்சில் ஒரு பகுதி இந்த மீற்றரின் பிழையாற் பிறந்ததே. பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இப்பிழைக்கு ஓர் ஆபத்தான மறுபக்கம் உண்டு. வேகம் காட்டும் முள்ளும் அவ்வாறே குறைத்துக் காட்டும். முள் 50 என்னும்போது வண்டி 55இல் ஓடுகிறது. பழகிய வளைவில், பழகிய எண்ணைப் பார்த்து, பழகாத வேகத்தில் நுழைகிறார் சாரதி. இதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

வளைவைப் பற்றிச் சொன்னதும் ஈர்ப்பு மையம் நினைவுக்கு வருகிறது. ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் திறனை மதிப்பிட எளிய வழி ஒன்றுண்டு. இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையிலுள்ள அகலத்திற் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலத்திற் பாதி 75 சென்றிமீற்றர், மையத்தின் உயரம் 70 என்றால் விடை ஒன்றுக்கு மேல், 1.07. மையம் 10 சென்றிமீற்றர் உயர்ந்து 80 ஆகிவிட்டால் விடை ஒன்றுக்குக் கீழ், 0.94. மரக்கறி மூட்டைகளை மேலே அடுக்கினால் இன்னும் குறையும். எண் சிறிதாக ஆக, வண்டி கவிழ்வதற்கு எளிதாகிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். அத்துயருக்கும் வண்டியை உயர்த்துவதற்கும் தொடர்பில்லை. ஆயினும் இவ்வீதி சிறு தவறையும் பொறுக்காது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. டீசலில் இழந்ததைப் பின்னர் சம்பாதிக்கலாம்.

இவ்வளவும் கூறியதால் வண்டியை உயர்த்துவோர் அனைவரையும் நாம் பழிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளிற் சென்றவர்களுக்கு இது விளங்கும். மழை அரித்த பள்ளங்களும் துருத்திய கற்களும் உள்ள பாதையில் தாழ்ந்த வண்டி அடிபட்டு நின்றுவிடும். நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை லயனிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வண்டிக்கு அடிவயிறு உயர்ந்திருத்தல் ஆடம்பரமாகாது. அவசியத்துக்கு உயர்த்துவோரும் உண்டு. அயலவர் கண்ணுக்காக உயர்த்துவோரும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த பழைய வண்டியைத் திருத்தியும் மாற்றியும் வைத்திருப்பதே பலருக்கு வழியாக இருந்தது என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

ஆகையால் நாம் கூறுவது இவ்வளவே. உயர்த்துவதாயின் பாதை கேட்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துக. தளர்ந்துபோன பழைய ஸ்பிறிங்கை மாற்றினாலே வண்டி தன் இயல்பான உயரத்துக்கு வந்துவிடுவதுண்டு. முதலில் அதைப் பார்த்தல் வேண்டும். அதற்கு மேலும் வேண்டுமாயின், டயரின் அளவைக் கூட்டாமல் ஸ்பிறிங்கினால் மட்டும் சிறிது உயர்த்துவது செலவு குறைந்தது. இரும்பு அலங்காரங்களை விட்டுவிடுக. டயரை மாற்றியே தீரவேண்டுமாயின் வேகம் காட்டும் மீற்றரையும் சரிசெய்துகொள்க. வேலை தொடங்குமுன், இம்மாற்றத்துக்குச் சட்டத்தில் இடமுண்டா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி நிலைக்குமா என்று காப்புறுதி வழங்கியோரிடமும் கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் நன்று.

மிச்சம் பிடிப்பதற்கு வேறு எளிய வழிகளும் உள்ளன. டயரிலே காற்றுக் குறைந்தால் உருளல் தடை கூடும். ஆகவே இரு கிழமைக்கு ஒருமுறையாவது காற்றைப் பார்க்க வேண்டும். வெறும் நாளில் வண்டியிற் கிடக்கும் வேண்டாத பாரத்தை இறக்கிவிட வேண்டும். மற்றொன்று மிக முக்கியம். லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கும்போது கியரை விடுத்து வண்டியை உருளவிடுவோர் பலர். அதனால் டீசல் மிச்சமாகும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. கியரிலே வைத்து அழுத்தியை விட்டுவிட்டால், இக்கால எஞ்சின்களில் டீசல் பாய்வது நின்றுவிடும். சில்லே எஞ்சினைச் சுழற்றும். கியரை விடுத்தாலோ, எஞ்சின் அணையாமலிருக்கச் சிறிது டீசல் எரிந்துகொண்டேயிருக்கும். அதுவன்றி, எஞ்சினின் பிடி நீங்கி, பாரம் முழுவதும் பிறேக்கின்மேல் விழும். பிறேக் சூடேறிப் பிடியாமற் போகும். பணமும் மிஞ்சாது, பாதுகாப்பும் இராது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு வண்டியின் செலவை அளந்து பாருங்கள். தாங்கி நிறைய டீசலை நிரப்பி மீற்றர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை ஓடிய பின், அதே நிலையத்தில் மீண்டும் நிறைய நிரப்பி, ஏறிய லீற்றரையும் ஓடிய தூரத்தையும் எழுதுங்கள். ஒருமுறை செய்து தீர்ப்புக் கூறலாகாது; நான்கு முறை செய்து சராசரி காணுங்கள். மீற்றர் சரியா என்று அறிய வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிடுங்கள். வண்டியை உயர்த்துமுன் நான்கு கிழமையும் உயர்த்திய பின் நான்கு கிழமையும், ஒரே பாதையில், ஒத்த சுமையோடு அளந்தவன் சொல்லும் சொல்லே சபையில் ஏறும்.

பெற்றோருக்கும் ஒரு கணக்கு. மாதம் 1000 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் தரும் வண்டி 100 லீற்றர் டீசல் எரிக்கும். டயரும் நிறையும் கியரும் சேர்ந்து அச்செலவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், மாதம் 10 லீற்றர் கூடுதல். 2022 ஜூன் மாத விலையில் அது 4600 ரூபா. அந்நாட் சம்பளத்தில் நாலரை நாளுக்கு மேற்பட்ட கொழுந்து பறிப்பு. வண்டியின் தவணைப் பணமும் டயரின் விலையும் இதற்குப் புறம்பு. இன்றைய விலையையும் இன்றைய கூலியையும் வைத்து இதே கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மகனைக் கடிந்து பேசுவதற்கு முன் அத்தாளை அவன் கையிற் கொடுத்து, பாதைக்கு எவ்வளவு உயரம் வேண்டும், மிகுதி யாருக்காக என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். விடையை அவனே கண்டுகொள்வான்.

இன்னும் ஒரு சொல். தோட்டப் பாதை செப்பனிடப்பட்டால், அப்பாதையில் ஓடும் அத்தனை வண்டிகளும் உயர்த்தாமலே ஓடும். ஒவ்வொருவரும் தனித்தனியே கராஜிற் கொட்டும் பணத்தைக் கூட்டிப் பார்த்து, அந்த எண்ணோடு தோட்ட நிருவாகத்தையும் பிரதேச சபையையும் அணுகிப் பாதையைக் கேட்டால் என்ன? மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசலாம். மழைக்காலம் வருமுன் பேசினால் நன்று.